வேலூரில் நடக்கும் வேற்றுலக உயிரி மங்கா: டோன், எழுத்து, பயம் மூன்றுமே சரியாக வரவில்லை

கோட்டைமதில் கேட்டது:

வணக்கம். 32 பக்கத்தில் கறுப்பு வெள்ளை மங்கா (ஜப்பானிய பாணிப் படக்கதை) ஒன்று வரைந்துகொண்டிருக்கிறேன். கதை 1986 ஜனவரியில் தொடங்குகிறது. வேலூரில் ப்ளஸ் ஒன் படிக்கும் ஐந்து பெண்கள். கோட்டை அகழிக்குள் வந்து இறங்கும் வேற்றுலக உயிரி ஒன்றோடு போராடுகிறார்கள். மாயக்கோல், மின்னும் உடுப்பு எதுவும் கிடையாது. ஒவ்வொரு தடவை ஜெயிக்கும்போதும் ஒருத்தி எதையோ இழக்கிறாள். அதுதான் கதையின் முதுகெலும்பு.

டேப்லெட்டில் ஏ4 அளவு, 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 பிக்சல்). டோன், அதாவது சாம்பல் நிறம் காட்டும் புள்ளிகள், 60 லைன் (அங்குலத்துக்கு 60 புள்ளி வரிசை), 20 சதவீதம், 45 டிகிரி. ஏ5 புத்தகமாக 300 பிரதி, சென்டர் பின் போடுவதாகத் திட்டம். மாதிரி அச்சு எடுத்துப் பார்த்ததில் மூன்று சிக்கல்.

ஒன்று, டோன் போட்ட இடமெல்லாம் அலை அலையாகத் தெரிகிறது. இரண்டு, வரைபடத்தில் 8 பாயிண்டில் வைத்த எழுத்து புத்தகத்தில் படிக்க முடியவில்லை. பலூனிலும் அடங்கவில்லை. சில இடத்தில் கொம்பு தன் எழுத்தை விட்டு விலகி நிற்கிறது. மூன்றாவதுதான் பெரிய கவலை. உயிரிக்கு எட்டுக் கை, வாய் நிறையப் பல், உடம்பெல்லாம் சளி வைத்திருக்கிறேன். பார்த்த யாருக்கும் பயம் வரவில்லை. ரத்தமும் கறுப்பில் வெறும் மையாகத்தான் நிற்கிறது.

எந்த யோசனையும் உதவும். பக்கங்களைத் திரும்ப வரையத் தயார்.

ஆஃப்செட்அறை:

அலைக்குக் காரணம் உங்கள் டோன் இல்லை, டோன் போட்ட பிறகு சுருக்கியதுதான். 600 டிபிஐயில் 60 லைன் என்றால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் 10 பிக்சல் இடைவெளி. ஏ4ஐ ஏ5 ஆக்கும்போது எல்லாம் 71 சதவீதமாகிறது. பத்து பிக்சல் ஏழே சொச்சமாகும். அரை பிக்சல், கால் பிக்சல் என்று ஒன்று கிடையாது. அதனால் ஒரு புள்ளி பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் விழும். அந்த ஏற்ற இறக்கம் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதைத்தான் கண் அலையாகப் பார்க்கிறது. இன்னொன்று, 60 லைன் டோன் சுருங்கி 85 லைன் ஆகிவிடுகிறது. அவ்வளவு நெருக்கமான புள்ளியை டிஜிட்டல் மெஷின் ஒழுங்காகப் பிடிக்காது. வெளிர் டோன் மறைந்துபோகும், அடர் டோன் அடைத்துக்கொள்ளும்.

கோடு வரைவதை ஏ4லேயே வைத்துக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. சுருக்கினால் கை நடுக்கம் மறையும். ஆனால் டோனைத் தனி லேயரில் வெறும் சாம்பலாக மட்டும் நிரப்பி வையுங்கள். பக்கத்தை ஏ5 அளவுக்கு, 3 மிமீ ப்ளீடோடு (வெட்டுவதற்கு விடும் கூடுதல் ஓரம்) 154 x 216 மிமீ, 600 டிபிஐக்குக் கொண்டுவந்த பிறகு அந்தச் சாம்பலைப் புள்ளியாக மாற்றுங்கள். 60 லைன் அல்லது 55 லைன். 10 சதவீதத்துக்குக் கீழும் 50க்கு மேலும் போகாதீர்கள். கிரீட்டா என்ற இலவச வரைகலை மென்பொருளில் 4.4 பதிப்பிலிருந்தே ஸ்கிரீன்டோன் ஃபில் லேயர் இருக்கிறது, காசு செலவில்லை. கடைசியில் கோடு, டோன் எல்லாம் சேர்த்து 1 பிட் (கறுப்பு, வெள்ளை மட்டும், சாம்பல் கிடையாது) டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் கூடாது. ஜேபெக்கில் ஒவ்வொரு புள்ளியின் விளிம்பிலும் சாம்பல் ஒட்டிக்கொள்ளும். அச்சு மெஷின் அந்தச் சாம்பலைத் தன் புள்ளியால் இன்னொரு தடவை உடைக்கும். புள்ளிமேல் புள்ளி, மறுபடியும் அலை.

இரண்டு டோனை ஒன்றன்மேல் ஒன்று போடுவதாக இருந்தால் இரண்டுக்கும் லைனும் கோணமும் ஒன்றாகவே இருக்கட்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தபின் கடையில் கெடுவதும் நடக்கும். கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்புங்கள். பென்டிரைவ் இன்னும் நல்லது. பிரிண்ட் கொடுப்பவர் 'ஃபிட் டு பேஜ்' வைத்திருந்தால் மெஷின் 96, 97 சதவீதமாகச் சுருக்கும், திரும்பவும் அலை. 'ஆக்சுவல் சைஸ்' என்று பக்கத்திலேயே நின்று பார்த்து வாங்குங்கள்.

தாள் கணக்கு: ஒரு ஏ3 தாளில் இரண்டு பக்கமும் சேர்த்து ஏ5 பக்கம் எட்டு. 32 பக்கத்துக்கு நாலு தாள், 300 பிரதிக்கு 1,200 தாள், சேதாரம் 5 சதவீதம் சேர்த்தால் 1,260. ரேப்பர் (மேலட்டை) தனி. உங்கள் கதையில் கறுப்பு நிறைய வரும், 70 ஜிஎஸ்எம் எடுத்தால் பின்பக்கம் தெரியும். 80 அல்லது 90 ஜிஎஸ்எம் என்எஸ் (நேச்சுரல் ஷேட்) மேப்லித்தோ தாள் எடுங்கள். அந்த மங்கல் மஞ்சள் கறுப்புக்கும் நன்றாக ஒத்துப்போகும். டோனர் அச்சில் முழுக் கறுப்பு மடிப்பின்மேல் போனால் மடிக்கிற இடத்தில் வெடித்து வெள்ளைக் கோடு விழும். ஆகவே இரட்டைப் பக்க இருட்டு வேண்டுமென்றால் மடிப்பு ஓரமாக நட்சத்திரமோ சுவரோ ஏதாவது வெளிச்சம் கொடுங்கள். கறுப்பு எப்போதும் தனிக் கறுப்பு மை மட்டும். நாலு வண்ணமும் கலந்த கறுப்பாகக் கோப்பு போனால் கோட்டோரம் பிசிறும்.

ஒற்றெழுத்து:

எழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஏ4ல் 8 பாயிண்ட் என்றால் ஏ5ல் 5.7 பாயிண்ட். தமிழை அந்த அளவில் யாராலும் படிக்க முடியாது. புத்தகத்தில் 9 பாயிண்டுக்குக் குறையக் கூடாது, அதாவது ஏ4ல் 13. வரி இடைவெளி 12 பாயிண்டாவது வேண்டும். மேலே ‘கீ’யின் சுழியும் கீழே ‘ணூ’வின் காலும் முட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலக் காமிக்ஸ் அளவை அப்படியே எடுத்தால் இதுதான் நடக்கும்.

ஜப்பானியப் பக்கத்தைப் பார்த்துப் பலூன் வரைந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் மேலிருந்து கீழாக எழுதுவதால் பலூன் ஒல்லியாக, உயரமாக இருக்கும். நம் சொல் நீளம், படுக்கைவாட்டில் போகும். முதலில் வசனத்தை எழுத்தாக அடித்துக் கட்டத்தில் வைத்துவிட்டு, அதைச் சுற்றிப் பலூன் வரையுங்கள். அதன்பிறகுதான் ஆள். வரிசை மாறினால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு முகத்தின் மேல் பலூன் ஏறும். கட்டங்கள் இடமிருந்து வலமாகவே போகட்டும். தமிழ் வாசகரை வலமிருந்து படிக்கச் சொல்லத் தேவையில்லை.

வரி உடைக்கும்போது புள்ளி வைத்த மெய்யெழுத்தில் வரி தொடங்கக் கூடாது. சொல்லை உடைத்தே ஆகவேண்டுமென்றால் ‘போய்க் / கொண்டிருந்தாள்’ என்று ஒட்டு இருக்கும் இடத்தில் உடையுங்கள். ஆனால் பாதிச் சிக்கல் பேச்சைப் பேச்சாக எழுதினாலே தீரும். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ மூன்று வரி பிடிக்கும். வேலூர்ப் பெண் ‘வந்துகினு கீறாங்க’ என்பாள், இரண்டு வரியில் முடியும். கதை நடக்கும் ஊரும் காதில் விழும்.

கொம்பு பிரிவது மென்பொருள் தமிழைச் சேர்க்கத் தெரியாமல் விழிப்பதால். ‘கொ, தோ, கௌ, ஸ்ரீ’ நான்கையும் அடித்துப் பாருங்கள், ஒன்று உடைந்தாலும் அங்கே எழுத்து வேலை வேண்டாம். ஃபோட்டோஷாப் என்றால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’ தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் இங்க்ஸ்கேப்பில் அடியுங்கள், பிரச்சினையே வராது. முடிந்ததும் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து எழுத்தைக் கோடாக மாற்றிய நகலை அச்சுக்குக் கொடுங்கள். திருத்தக்கூடிய மூலத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பல டிடிபி கடைகளில் இன்னும் பழைய எழுத்துரு முறைதான். யூனிகோடு கோப்பைத் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். கோடாக மாற்றியது எங்கே திறந்தாலும் மாறாது.

எழுத்துருவுக்கு: சாதாரணப் பேச்சுக்கு முக்தா மலர் அல்லது ஹிந்த் மதுரை, மனதுக்குள் பேசுவதற்குக் கவிவனார், கத்தலுக்கு பலூ தம்பி. எல்லாம் இலவச உரிமத்தில் இருப்பவை, அச்சிடலாம். ஒலிச்சொற்களை மட்டும் எழுத்துருவில் போடாதீர்கள், கையால் வரையுங்கள். நறநற, சளசள, கிறீச் எல்லாம் படத்தின் பகுதி.

சுண்ணாம்புக்குழி:

மூன்றாவது கேள்விதான் இந்தக் கதையின் உயிர். எட்டுக் கையும் பல்லும் எந்த ஊர்க் கதையிலும் வரும். உயிரிக்கு ஒரு தேவை, அதற்கு ஒரு முறை, அந்த முறைக்கு ஒரு வரிசை, இவை இருந்தால்தான் வாசகருக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். தெரிந்தால்தான் பயம். அதற்கு உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பொருள் இருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு. தோல் பதனிடுதல்.

பச்சைத் தோல் அழுகும். குரோம் போட்ட தோல் அழுகாது. குரோமியம் தோலின் கொலாஜன் என்ற புரத இழைகளில் இருக்கும் கார்பாக்சில் இடங்களைப் பிடித்து ஒன்றோடொன்று கட்டிவிடுகிறது. பச்சைத் தோலை 60, 65 டிகிரி வெந்நீரில் போட்டாலே சுருங்கும். குரோம் தோல் கொதிநீரிலும் சுருங்காது. டேனரியில் (தோல் ஆலையில்) அதைத்தான் கொதி சோதனை என்று ஒரு துண்டு வெட்டிப் போட்டுப் பார்ப்பார்கள். அந்த நிலையில் தோல் வெளிர் நீலமாக இருக்கும், ‘வெட் ப்ளூ’ என்பார்கள்.

உங்கள் உயிரி மனிதரைத் தின்னவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பதப்படுத்துகிறது. அதன் உலகத்தில் எதுவும் அழுகக் கூடாது. இப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் வெளியே தெரியும் அடையாளம் கிடைக்கிறது. ஊறவைத்தல். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும், பிஎச் 12க்கு மேல், முடி கழன்றுவரும், தோல் தடித்து வீங்கும். பிறகு சதை சீவுதல். பிறகு அம்மோனியம் உப்பைப் போட்டுச் சுண்ணாம்பு நீக்குதல், அப்போது அம்மோனியா நெடி மூக்கை அடைக்கும். பிறகு உப்பும் அமிலமும் சேர்ந்த பிக்கிள், பிஎச் 2.8 முதல் 3 வரை. அதன்பின் குரோம். கடைசியாக சோடா போட்டு பிஎச்சை 4க்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் கட்டு இறுகிவிடும். உங்கள் கதைக்குள் ஒரு விதி வையுங்கள்: பிக்கிள் வரைக்கும் போனவளை மீட்கலாம், குரோம் ஏறியவளை முடியாது.

உங்கள் பெண்கள் சயன்ஸ் குரூப்பாக இருக்கட்டும். பள்ளி ஆய்வகத்தில் ஃபினாஃப்தலின் நிச்சயம் இருக்கும், டைட்ரேஷனுக்கு வேண்டுமே. டேனரியிலும் அதே சொட்டைத்தான் தோலின் வெட்டுமுகத்தில் விட்டுப் பார்ப்பார்கள். சுண்ணாம்பு பாக்கி இருந்தால் இளஞ்சிவப்பு, நீங்கியிருந்தால் நிறமே வராது. தோழியின் கையில் ஒரு சொட்டு விட்டு நிறம் வருகிறதா என்று பார்ப்பதைவிடப் பெரிய திகில் காட்சி இந்தக் கதைக்குத் தேவையில்லை. நிறம் வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வராவிட்டால், ஒன்று அவள் தொடப்படாதவள், இல்லை சுண்ணாம்புக் கட்டத்தைத் தாண்டிவிட்டவள். எது என்று சொட்டு சொல்லாது. அடுத்ததாக முடியைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது பலவீனம். பிக்கிளில் உப்பைப் போட்டுக் கரைத்த பிறகுதான் அமிலம் விட வேண்டும். தோல் எடையில் சுமார் 8 சதவீதம் உப்பு. உப்பு குறைந்த நீரில் அமிலம் பட்டால் தோல் நீரை இழுத்து ஊதிப்போகும், நார் நெகிழ்ந்து கெட்டுவிடும். எந்த டேனரியிலும் மிகவும் பயப்படும் தப்பு இது. ஆகவே உங்கள் உயிரிக்கு உப்பு வேண்டும். முழு உடம்பையும் கணக்கில் எடுத்தால் 40 கிலோ எடையுள்ள ஒருத்திக்கு 3.2 கிலோ. படையெடுப்பின் முதல் அடையாளம் வானத்தில் விளக்கு வேண்டாம். மளிகைக் கடை வாசலில் ராத்திரி வெளியிலேயே விட்டுவைக்கும் உப்பு மூட்டை காணாமல் போகட்டும். யாரும் திருடாத பொருள் அது.

அப்படியானால் பெண்களின் ஆயுதம் நல்ல தண்ணீர். உயிரியும் தன் உடம்பை அதே குழியில் ஊறவைத்துத்தான் வளர்க்கிறது என்று வையுங்கள். குழியில் நல்ல தண்ணீரைத் திறந்துவிட்டால் அது ஊதி வெடிக்கும். பாலாறு மணலாகக் கிடக்கும் மாதங்கள், குடம் வரிசையில் நிற்கும் ஊர், அங்கே தண்ணீர்தான் ஆயுதம். இருண்ட பகுதி இதுதான்: இன்னும் மீட்கக்கூடிய நிலையில் இருக்கும் தோழிகளும் அதே குழியில்தான் கிடக்கிறார்கள். தண்ணீரைத் திறந்தால் அவர்களும் போவார்கள். இழப்பை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்ட வேண்டாம், வெற்றிக்குள்ளேயே இருக்கிறது.

ரத்தத்தை விட்டுவிடுங்கள். கறுப்பு வெள்ளையில் கிழிந்த உடம்பு பலமில்லாத படம். எல்லோர் தோலிலும் சின்ன மடிப்பு, மரு, கோடு வரைந்து பழக்கிவிட்டு, குரோம் ஏறியவள் முகத்தில் மட்டும் எந்தக் கோடும் இல்லாமல் சமமான 20 சதவீத டோன் போடுங்கள். வாசகர் தானாகவே புரிந்துகொள்வார். பள்ளிப் பெண்கள் என்பதால் இன்னொன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த வகைக் கதைகளில் சண்டையில் உடுப்பு கிழிவதும் அந்தக் கோணத்தில் படம் வைப்பதும் அடிக்கடி வருகிறது. அதை அடியோடு தவிருங்கள். அவர்கள் குழந்தைகள், கேமரா அவர்கள் கண் மட்டத்தில் நிற்கட்டும்.

ஆலையையும் ஆலையில் வேலை செய்பவர்களையும் வில்லனாக்காதீர்கள். குழியில் இறங்கி உடம்பு கெடுத்துக்கொள்பவர்கள் அவர்கள்தான். உயிரி என்ன செய்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்துச் சொல்லும் ஆள் ஒரு டிரம் தொழிலாளியாகவே இருக்கலாம், ஒருத்தியின் அம்மாவாக.

ஐந்து பெண் 32 பக்கத்துக்கு அதிகம். பக்கத்துக்கு ஐந்து கட்டம் என்றாலும் 160 கட்டம்தான். மூன்று போதும்.

ஆலங்காயம்வழி:

காலத்தைப் பற்றிச் சில. 1986 ஜனவரி நல்ல தேர்வு. காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது அந்த மாதம் 6ஆம் தேதி. ஹாலி வால்நட்சத்திரம் சூரியனுக்கு மிக அருகில் வந்தது பிப்ரவரி 9. மார்ச்சில் விடியலுக்கு முன் தென்கிழக்கில் தெரிந்தது. எல்லோர் கண்ணும் அதன்மேல் இருக்கும்போது வேறொன்று இறங்குவது நம்பும்படி இருக்கும். காவலூர்க் காட்சியில் எச்சரிக்கை மணியும் கணினித் திரையும் வைக்காதீர்கள். ஒரே வான்பகுதியின் இரண்டு கண்ணாடித் தட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்து, இடம் மாறிய ஒரு கீற்றைக் கண்டுபிடிப்பதாக வையுங்கள். மணி அடிப்பதைவிட அந்த மௌனம் பயமுறுத்தும். வடகிழக்குப் பருவமழை முடிந்து வானம் தெளியும் மாதங்கள் என்பதும் பொருந்துகிறது.

பலகைகளில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று எழுதுங்கள். பிரித்தது 1989ல்தான். ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் 2019ல் வந்தவை. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலைப் பாழடைந்ததாக வரையாதீர்கள், 1981லேயே மறுபடி சுவாமியை வைத்து வழிபாடு தொடங்கிவிட்டது, கூட்டம் வரும். வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் அப்போது மீட்டர் கேஜ், தண்டவாள அகலம் 1,000 மிமீ. காட்பாடியில் பிராட் கேஜ் 1,676. இரண்டையும் ஒரே அகலத்தில் வரைந்தால் ரயில்வேக் குடும்பங்கள் உடனே பிடித்துவிடும்.

உடை பாவாடை, தாவணி, மடித்துக் கட்டிய இரட்டைச் சடை. ஓடும் காட்சியில் தாவணி முனை இடுப்பில் செருகியிருக்க வேண்டும். சடை எந்தப் பக்கம் பறக்கிறது என்பதை வைத்தே ஓடும் திசையைக் காட்டலாம், வேகக் கோடு குறைவாகப் போதும்.

2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி பக்கம் கல்லூரி வளாகத்தில் நடந்த வெடிப்பைக் கதையில் இழுக்கத் தோன்றும். விண்கல் என்று சொன்னார்கள், நாசா விஞ்ஞானிகள் படங்களைப் பார்த்துத் தரையில் நடந்த வெடிப்பு போலிருக்கிறது என்றார்கள். ஒருவர் இறந்துபோனார், குடும்பம் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள்.

கோட்டைமதில்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உப்பு, தண்ணீர், ஒரே குழி, மூன்று பெண்கள். இந்த வடிவத்தில் நேம் (கட்டம் கட்டமான முன்வரைவு) திரும்பப் போடுகிறேன். ஒரு கேள்வி பாக்கி. ஃபினாஃப்தலின் சொட்டின் இளஞ்சிவப்பைக் கறுப்பு வெள்ளைப் புத்தகத்தில் எப்படிக் காட்டுவது? எந்தப் பக்கத்தில் வைப்பது?

ஆஃப்செட்அறை:

இரண்டு வழி. செலவில்லாத வழி, அந்தச் சொட்டுக்கென்று ஒரு டோனை ஒதுக்குவது. 30 லைன் கரட்டுப் புள்ளி, புத்தகத்தில் வேறெங்கும் வரக்கூடாது. முதல் தடவை ஆய்வகத்தில் சாதாரண டைட்ரேஷனில் ‘பிங்க் வந்துடுச்சு டீச்சர்’ என்ற வசனத்தோடு காட்டிவிடுங்கள். பிறகு வசனமே தேவைப்படாது.

பக்கத்தைப் பொறுத்தவரை, இடமிருந்து வலம் போகும் புத்தகத்தில் தாளைப் புரட்டியதும் கண்ணில் படுவது இரட்டைப்படைப் பக்கம். சொட்டு விழுவது 13ஆம் பக்கத்தின் கடைசிக் கட்டம், முடிவு தெரிவது 14ஆம் பக்கத்தின் முதல் கட்டம்.

உண்மையான நிறமே வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. சென்டர் பின் புத்தகத்தில் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகும் இரண்டின் எண்ணைக் கூட்டினால் 33 வரும். 14ஆம் பக்கத்தோடு சேர்வது 19. ஏ4 தாளாக அடித்தால் அந்த ஒரு முகத்தை மட்டும் கலர் மெஷினுக்கு அனுப்பலாம், 300 பிரதிக்கு 300 கலர் முகம்தான் கணக்கு. இரண்டாவது தடவை சொட்டு விடும் காட்சியை 19க்கு நகர்த்துங்கள், கூடுதல் செலவில்லாமல் அதற்கும் நிறம் கிடைக்கும். அந்த முகத்தை முழுக்கவே கலர் மெஷினில் அடிக்கச் சொல்லுங்கள். கறுப்பை ஒரு மெஷினிலும் சிவப்பை இன்னொன்றிலும் ஏற்றினால் ஒன்றிரண்டு மிமீ விலகும், சொட்டு கையைவிட்டு வெளியே போய் நிற்கும். எழுத்தும் கோடும் தனிக் கறுப்பாகவே இருக்கின்றனவா என்று அந்தப் பக்கத்துக்கு மட்டும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, முதலில் ஒரே ஒரு தாள் அடித்து வாங்கிப் பாருங்கள்.